மோனிக்காவின் கிண்ணம்



இந்த வாரம் ஒரு வீட்டுச் சரக்கறையிலிருந்து தொடங்குகிறேன். காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இடம் வட ஆப்பிரிக்கா, இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டின் ஒரு பகுதி. அது கிறிஸ்தவக் குடும்பம். ஒழுக்கத்தில் கண்டிப்பான வீடு. சாப்பாட்டு வேளை நெருங்கும்போது மிடாவிலிருந்து திராட்சரசம் மொண்டு வரும் வேலை அவ்வீட்டின் மகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்நாட்களில் வீட்டுப் பெண் செய்யும் வழக்கமான வேலைதான் அது. அவள் கிண்ணத்தை மிடாவின் மேல்வாயில் விட்டு மொள்ளுவாள். மொண்டதைக் குடுவையில் ஊற்றுமுன் உதட்டின் நுனியை மட்டும் அதில் நனைப்பாள். அதன் ருசி அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் விழுங்கவும் முடியவில்லை. பெரியவர்கள் பார்க்காத வேளையில் பிள்ளைகளுக்குள் பொங்கும் குறும்பே அவளை அப்படிச் செய்ய வைத்தது.

நாளுக்கு ஒரு துளி கூடியது. துளி மிடறானது. சில காலத்திற்குப் பின் அவள் ஏறக்குறைய நிறைந்த கிண்ணங்களை, தண்ணீர் கலவாத இரசத்தை, ஆவலோடு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வருகிறவளானாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் சிறுமியின் பெயர் மோனிக்கா. பிற்காலத்தில் அகஸ்டினைப் பெற்றெடுத்து, அவருக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்த அதே தாய். நம் பெண்கள் ஐக்கியத்தின் கூட்டங்களில் ஜெபிக்கும் தாய்க்கு உதாரணமாக அவரை எத்தனையோ முறை காட்டியிருக்கிறோம். இந்தக் கிண்ணத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால் இதை உலகுக்குச் சொன்னவர் அவருடைய மகனே. 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய தமது ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் புத்தகத்தில், தாயின் மரணத்தை எழுத வந்த இடத்தில், அகஸ்டின் இதைச் சொல்லுகிறார். தாயே தம்மிடம் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார். பரிசுத்தவாட்டி என்று திருச்சபை போற்றும் ஒருவர் தம் மகனை உட்காரவைத்து, “நான் உன் வயதுக்கு முன்னே இப்படியும் இருந்தேன்” என்று சொல்லியிருக்கிறார். இந்தக் காரியத்தில் எனக்கு முதலில் வியப்பளிப்பது அதுதான்.

அவ்வீட்டில் ஒரு முதிய வேலைக்காரியும் இருந்தார். மோனிக்காவின் தகப்பன் குழந்தையாயிருந்தபோது அவரை முதுகில் சுமந்து வளர்த்தவர் அவர். அதனால் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் எவ்வளவு தாகமானாலும் பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை அகஸ்டின் பதிவு செய்திருக்கிறார். இன்று உங்கள் கைக்கு எட்டுவது தண்ணீர், ஆகையால் அதைக் குடிக்கிறீர்கள். நாளை கலியாணமாகிச் சரக்கறையின் சாவி உங்கள் இடுப்புக்கு வந்தபின் தண்ணீர் சப்பென்று இருக்கும், நினைத்தபோதெல்லாம் குடிக்கும் பழக்கமோ அப்படியே இருக்கும். அவர் சொன்னதன் கருத்து இதுவே.

ஆப்பிரிக்க வெயிலில் பிள்ளைகளுக்குத் தண்ணீரைத் தடுத்தது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அகஸ்டின் அந்த மூதாட்டியை மெச்சுகிறார். எனக்கு அந்த அளவுக்கு மனம் வரவில்லை. ஆனாலும், எழுத்தறிவு பெற்றிருந்தாரா என்றுகூட நமக்குத் தெரியாத அந்த அம்மாள் ஒன்றை மிகக் கூர்மையாகக் கண்டிருக்கிறார். பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு முன், கை எப்படிப் பழகியிருக்கிறது என்பதை அவர் பார்த்தார். தண்ணீர் குற்றமற்றது. நினைத்த மாத்திரத்தில் நீளும் கையோ, நாளை வேறொரு பாத்திரத்தைத் தேடிப் போகக்கூடியது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதையே.

அவருடைய சட்டம் தோற்றுப்போனதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தண்ணீருக்குக் காவல் வைத்த வீட்டில் திராட்சரசம் களவாய்ப் போயிற்று. காவற்காரியின் கண் எட்டாத இடத்தில் சட்டத்தின் கையும் எட்டவில்லை.

அப்படியானால் மோனிக்கா எப்படி விட்டார்? சரக்கறைக்கு அவரோடு கூடப் போய்வந்த ஓர் அடிமைப் பெண் இருந்தாள். ஒருநாள் இருவருக்கும் சண்டை மூண்டது. கோபத்தில் அந்தப் பெண் தன் சின்ன எஜமானியைப் பார்த்து ‘குடிகாரி’ என்ற பொருள்படும் ஒரு வசைச்சொல்லை வீசினாள். அந்தச் சொல் தைத்தது. மோனிக்கா தன் செயலின் அவலட்சணத்தைக் கண்டு, அந்த நேரமே அதை அருவருத்து விட்டுவிட்டார். திட்டியவள் திருத்த நினைக்கவில்லை, நோகடிக்கவே நினைத்தாள் என்று அகஸ்டினே எழுதுகிறார். ஒருத்தியின் கோபத்தைக் கொண்டு இன்னொருத்தியின் நோயைத் தேவன் ஆற்றினார் என்பது அவருடைய துதி.

இங்கே சற்று நிற்போம். அந்த அறையில் நின்றவர்கள் இருவர். ஒருத்தி சட்டப்படி அடிமை. மற்றவள் சுயாதீனமுள்ள குடும்பத்தின் மகள். ஆனால் அடிமைத்தனத்தைக் கண்டு பெயரிட்டவள் அடிமையாயிருந்தவளே. அவளுடைய பெயரை அகஸ்டின் எழுதி வைக்கவில்லை.

ஆங்கிலத்தில் இன்று அடிக்‌ஷன் என்கிறார்களே, அந்தச் சொல்லின் வேரும் ரோமரின் அடிமைச் சட்டத்தில்தான் இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், கடனைத் தீர்க்காதவனை என்ன செய்யவேண்டும் என்று விரிவாகச் சொல்லியது. தீர்ப்புக்குப் பின் அவனுக்கு 30 நாள் தவணை. அதன்பின்னும் கட்டாவிட்டால், கடன் கொடுத்தவன் அவனைப் பிடித்து நடுவர் முன் நிறுத்தலாம். பிணையாக எவரும் முன்வராவிட்டால் அவனைக் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 60 நாள் அவன் விலங்கிடப்பட்டு வைக்கப்படுவான். அதற்குள் தொடர்ந்து மூன்று சந்தை நாட்களில் அவனை வெளியே கொண்டுவந்து, அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எல்லாரும் கேட்க அறிவிப்பார்கள். எவராவது இரங்கி மீட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக. இப்படி நடுவரால் கடன்காரனிடம் ஒப்புவிக்கப்பட்டவனுக்கு லத்தீனில் ‘அடிக்டுஸ்’ என்று பெயர். கி.மு. 326இல் ஒரு சட்டம் கடனுக்காகக் குடிமகனைக் கட்டி வைக்கும் வழக்கத்தை ஒடுக்கியதாக ரோம வரலாறு சொல்லுகிறது. சொல் மட்டும் பிழைத்துக் கிடந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் குடிக்கும் அபினுக்கும் பெயராயிற்று.

அடிக்டுஸ் என்பவன் பிறவி அடிமையல்லன் என்பதைக் கவனியுங்கள். அவன் வாக்குரிமையுள்ள குடிமகன். விதைநெல்லுக்கோ வேறெதற்கோ கொஞ்சம் வாங்கினான். அதைத் தீர்க்க இன்னும் கொஞ்சம் வாங்கினான். நம் ஊரில் கைமாற்று என்று தொடங்கிக் கந்துவட்டியில் முடிகிற கதை நமக்குத் தெரியாததல்ல. கைமாற்று வாங்குகிற அன்று ஒருவனும் தன்னைக் கடனாளி என்று நினைப்பதில்லை.

தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், முதிர்வயதுள்ள ஸ்திரீகளுக்குப் புத்தி சொல்லும்போது, பவுல் மதுவைக் குறித்து அடிமைப்படுதல் என்னும் வினைச்சொல்லையே கிரேக்கத்தில் கையாளுகிறார். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலோ அவர் இன்னும் ஒருபடி மேலே போய், தமக்கு அனுமதிக்கப்பட்டவை எவையானாலும் அவற்றில் ஒன்றின் ஆளுகைக்கும் தாம் உட்படப்போவதில்லை என்கிறார். அங்கே அவர் பேசுவது விலக்கப்பட்டவற்றைப் பற்றியல்ல, அனுமதிக்கப்பட்டவற்றைப் பற்றி. அந்த வசனத்தைப் பல ஆண்டுகள் நான் குடிகாரருக்கே பிரசங்கித்து வந்தேன்.

ஏன் அதை இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை ஜெபத்திற்குப் பின் நம் சபையின் சகோதரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். கணவரின் குடியைப் பற்றி முதன்முறையாக வாய்திறந்து பேசினார். எத்தனை ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்தாரோ, வார்த்தைகள் தயங்கித் தயங்கி வந்தன. என் கைபேசி மேசையின்மேல் இருந்தது. அதன் திரை ஒருமுறை ஒளிர்ந்தது, நான் பார்க்கவில்லை. மறுமுறை ஒளிர்ந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். மூன்றாம் முறை, அந்தச் சகோதரி தம் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், என் கை போய் அதை எடுத்தது. போதகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய ‘இனிய இரவு’ படம். நிமிர்ந்தபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“ஐயாவுக்கு வேலை இருக்கும்போல. நான் ஞாயிற்றுக்கிழமை வாரேன்” என்று எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார், என்னிடம் வரவில்லை.

அன்று இரவு நான் என்னிடமே சொல்லிக்கொண்ட சமாதானங்களை இப்போது எண்ணிப்பார்க்கிறேன். அவசரச் செய்தியாக இருந்திருக்கலாமே. மருத்துவமனையில் யாராவது இருக்கலாமே. நான் என்ன குடிக்கிறேனா, சீட்டாடுகிறேனா? வேண்டுமானால் ஒரே நாளில் விட்டுவிடுவேன். இந்த வாக்கியங்களை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. முப்பது ஆண்டு ஊழியத்தில் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து குடிக்கு அடிமையான சகோதரர்களின் வாயிலிருந்து கேட்ட அதே வாக்கியங்கள்; வரிசைகூட மாறவில்லை.

காப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நகைக்க வேண்டாம். ஒரு லெந்து காலத்தில் அதை விட்டுவிடத் தீர்மானித்தேன். முதல் மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பேசுகிற ஒவ்வொருவர் மேலும் எரிந்து விழுந்தேன். அந்த நாட்களில் என் வீட்டார் ஜெபித்தது எனக்காகவா, தங்களுக்காகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அகஸ்டினின் நூலுக்கே திரும்புவோம். அதன் ஆறாம் புத்தகத்தில் அவருடைய நண்பர் அலிப்பியு வருகிறார். பின்னாளில் தகாஸ்தே நகரத்தின் பேராயரானவர். இளமையில் கார்த்தேஜ் நகரில் தேர்ப்பந்தயக் களியாட்டத்தில் அவர் மூழ்கிக் கிடந்தார். அகஸ்டின் அப்போது அங்கே சொல்லாட்சிக் கலை கற்பித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வகுப்பில், பாடத்தை விளக்குவதற்காகத் தற்செயலாய்ப் பந்தயப் பைத்தியங்களைக் கேலி செய்தார். அலிப்பியு அது தமக்காகவே சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டு பந்தயத்தை விட்டுவிட்டார். நல்லது. பிறகு சட்டம் படிக்க ரோமுக்குப் போனார். அங்கே வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாளும் விளையாட்டு நடந்தது. அவர் அதை வெறுத்தார். நண்பர்கள் ஒருநாள் விருந்துக்குப் பின் அவரை வலுக்கட்டாயமாய் இழுத்துப்போனார்கள். என் உடலைத்தான் நீங்கள் அங்கே வைக்க முடியும், மனத்தை அல்ல என்று சொல்லிக் கண்களை இறுக மூடி உட்கார்ந்தார்.

காதுகளை மூடாமற்போனார். களத்தில் ஒருவன் விழுந்தான், கூட்டம் பேரிரைச்சலிட்டது. என்னதான் நடந்தது என்று அறிய அவர் கண் திறந்தார். களத்தில் விழுந்தவனைவிட அலிப்பியு பலமாய் விழுந்தார் என்பது அகஸ்டினின் கருத்து. பார்த்தார், கூச்சலிட்டார், வெறிகொண்டார். அதன்பின் தாம் போனது மட்டுமல்ல, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். வெறுத்தவர் என்பதும், முன்பே ஒரு பழக்கத்தை வென்றவர் என்பதும் அவருக்கு உதவவில்லை. ஒருவேளை வென்ற நினைவே அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்கலாம். குடியை விட்ட சகோதரர் சிலர், ஒரு கலியாண வீட்டில் நண்பர்களோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று போய் விழுந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் எனக்கு அதிகமாய் உறைத்தது பத்தாம் புத்தகம். அதை எழுதும்போது அகஸ்டின் ஹிப்போ நகரத்தின் பேராயர். மனந்திரும்பி ஏறக்குறையப் பத்தாண்டு கழிந்துவிட்டது. அரங்குகளுக்கு இப்போது போவதில்லை, ஆனாலும் வயல்வழியே போகும்போது ஒரு நாய் முயலைத் துரத்தினால் என் சிந்தையெல்லாம் அதன் பின்னே ஓடிவிடுகிறது என்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதையும், சிலந்தி தன் வலையில் சிக்கினதைச் சுற்றிக் கட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறாராம். சிறு பூச்சிகள்தானே என்பதால் காரியம் சிறிதாகிவிடுமா என்று தம்மையே கேட்கிறார். இப்படிப்பட்ட அற்பங்கள் நம் ஜெபத்தையே இடையில் அறுத்துவிடுகின்றன என்று முறையிடுகிறார். பல்லியைப் பார்ப்பது பாவம் என்று அவர் சொல்லவில்லை. அரங்கத்தில் இழுத்த அதே கயிறு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறதைக் கண்டுபிடித்தார், அவ்வளவே.

அதே காலத்தில் எகிப்தின் வனாந்தரத்தில் எவாக்ரியு என்னும் துறவி வாழ்ந்தார், 399இல் மரித்தார். தனிக்குடிலில் ஜெபிக்கும் துறவியை நண்பகலில் தாக்கும் சலிப்பைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அந்தத் துறவிக்குச் சூரியன் நகராததுபோல் தோன்றும். அடிக்கடி சன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையாகிய ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வானத்தைப் பார்ப்பான். சகோதரர் யாராவது வருகிறாரா என்று இப்பக்கமும் அப்பக்கமும் பார்ப்பான். 1,600 ஆண்டுகளுக்கு முன், மின்சாரமும் மின்னஞ்சலும் இல்லாத மணற்காட்டில், ஒருவன் நிமிடத்துக்கு நிமிடம் சன்னலைத் திறந்து பார்க்கிறான். நம் சன்னல் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

விஞ்ஞானிகள் இதை வேறு வழியாய் அணுகியிருக்கிறார்கள். 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் சிறு மின்துடிப்பு மூளைக்குப் போகும்படி செய்தார்கள். எலிகள் ஓயாமல் அதை அழுத்திக்கொண்டே இருந்தன. ஸ்கின்னர் என்னும் உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதித்தபோது, கொத்தினால் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைக்கும் புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று அறியாத புறாவே சலிக்காமல் கொத்திக்கொண்டிருந்தது. சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்தவனுக்கு நடப்பதும் அதுவே. பத்துச் செய்திகளில் ஒன்பது வெறும் ‘இனிய இரவு’. பத்தாவது ஒருவேளை மகனிடமிருந்து வந்ததாயிருக்கும். அந்த ‘ஒருவேளை’தான் கையை நீட்ட வைக்கிறது. 2013இல் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் தனது நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, சூதாட்ட நோயை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அதே அதிகாரத்தில் சேர்த்தது. 2019இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட பட்டியலில் மின்விளையாட்டு நோயும் இடம்பெற்றது. கைபேசியை அடிக்கடி பார்ப்பது அவற்றில் நோயாகச் சொல்லப்படவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒத்திருப்பது வேறு, ஒன்றாயிருப்பது வேறு. என் கைபேசியையும் அந்தச் சகோதரியின் கணவருடைய புட்டியையும் ஒரே தராசில் வைத்து “நாமெல்லாரும் அடிமைகளே” என்று சொல்லிக் கடந்துபோவது, துன்பப்படுகிற குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். கைபேசி என் கல்லீரலைத் தின்பதில்லை. என் வீட்டுப் பண்டபாத்திரத்தை அடகுக்கடைக்கு அனுப்புவதில்லை. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் உண்டாகி உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால் அப்படிப்பட்டவரை உபவாச ஜெபத்துக்கு அழைத்து, அன்றே புட்டியை உடைக்கச் சொல்லி வீட்டில் அடைத்துவைக்கும் வழக்கத்தை நான் கண்டிக்கிறேன். முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கூடவே ஜெபியுங்கள். ஒத்திருக்கிற இடம் வேறு: வேண்டாம் என்று அறிந்தபின்னும் கை போகிறது, போனபின் வாய் சமாதானம் சொல்லுகிறது. அந்த இடத்தில் நின்றுதான் நான் அந்தச் சகோதரரோடு பேச முடியும். மேடைமேல் நின்று அல்ல.

அகஸ்டினும் பெரிய அடிமைத்தனத்தைச் சின்னக் காரியத்தைக் கொண்டே விளக்கினார். தம்மைக் கட்டிய விலங்கு மற்றவர்கள் பூட்டியதல்ல, தம் சித்தமே இரும்பாயிற்று என்று எட்டாம் புத்தகத்தில் எழுதுகிறார். கோணலான சித்தத்திலிருந்து இச்சை பிறந்தது. இச்சைக்குப் பணிவிடை செய்யச் செய்ய அது பழக்கமாயிற்று. எதிர்க்காமல் விட்ட பழக்கம் கட்டாயமாயிற்று. கண்ணிக்குக் கண்ணி கோத்த சங்கிலி. அந்த நிலைமைக்கு அவர் சொல்லும் உவமை என்ன தெரியுமா? காலையில் எழுந்திருக்க விரும்பியும் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவன். தூங்கிக்கொண்டே இருக்க எவனும் விரும்புவதில்லை. எழுவதே நல்லது என்று அவனுக்குத் தெரியும். ஆகிலும் இதோ, இன்னும் சற்று நேரம் என்று மறுபடியும் புரண்டு படுக்கிறான். அகஸ்டினின் அந்த ‘இன்னும் சற்று நேரம்’ ஆண்டுக்கணக்காய் நீண்டது. 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் அவர் உடைந்து அழுதபோதும், அவரைப் பிடித்து நிறுத்தியவை பெரிய பிசாசுகள் அல்ல. பழைய சிறு அற்பங்கள், தோழிகள்போல் அவருடைய ஆடையைப் பின்னிருந்து இழுத்து, எங்களைவிட்டு என்றென்றைக்கும் போய்விடுவீரோ என்று காதில் கேட்டதாக எழுதுகிறார்.

தாய்க்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. மகனுக்கு எத்தனையோ சொற்கள் வேண்டியிருந்தன. இதைச் சிந்தியாமல், வசைச்சொல் மோனிக்காவைத் திருத்திற்று என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நம் சபையில் ஒருவரையும் ‘குடிகாரன்’ என்று அழைக்கவேண்டாம். அந்தச் சொல்லைத் தினமும் கேட்டு, அது தன் பெயராகவே ஆகிவிட்ட பிறகு, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று முழுவதும் மூழ்கிப்போனவர்களை நான் அடக்கம் செய்திருக்கிறேன். மோனிக்கா சிறுமி, பழக்கம் இளசு, சொல் ஒரே ஒருமுறை வந்தது.

மோனிக்காவின் கையில் கிண்ணம் இன்னொரு முறையும் வருகிறது. மகனைத் தேடிக் கடல் கடந்து மிலான் நகருக்கு வந்தபோது அவர் விதவை, முதிர்ந்தவர். ஆப்பிரிக்காவில் இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சரசமும் கூடையில் கொண்டுபோவது பக்தியுள்ளோரின் வழக்கம். தமக்கென்று அவர் எடுத்துச் சென்றது ஒரே ஒரு சிறு கிண்ணம். தண்ணீர் நிறையக் கலந்த இரசம். எத்தனை கல்லறைகளுக்குப் போனாலும் அதே கிண்ணத்தைச் சுற்றியிருப்பவர்களோடு சிறு மிடறுகளாய்ப் பகிர்ந்துகொள்வார். மிலானிலும் அப்படியே கூடையோடு போனார். வாயிற்காவலன் தடுத்தான், பேராயர் அம்புரோஸ் இந்த வழக்கத்தை விலக்கியிருக்கிறார் என்றான். குடிப்பவர்களுக்கு இது ஒரு சாக்காகிவிடக்கூடாது என்பது ஒரு காரணம். மோனிக்கா வாதாடவில்லை. நான் அளவோடு குடிக்கிறவள், எனக்கென்ன என்று கேட்கவில்லை. பழங்கள் நிறைந்த கூடைக்குப் பதிலாக ஜெபம் நிறைந்த நெஞ்சோடு போகக் கற்றுக்கொண்டார் என்கிறார் மகன். வேறு எவராவது தடுத்திருந்தால் அம்மா இவ்வளவு எளிதாய் விட்டிருக்கமாட்டாரோ என்னவோ. அம்புரோஸின் மேல் அவருக்கு அவ்வளவு அன்பு என்றும் மெல்லச் சேர்த்துச் சொல்லுகிறார். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை வரும். சிறுவயதில் ஒரு வசவுக்காக விட்டவர், முதுமையில் அன்புக்காக விட்டார். இரண்டாம் முறை விட்டது குற்றமற்ற, பக்திக்குரிய ஒரு வழக்கத்தை.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், “ஐயா, என்ன இது, பெரிய வார்த்தையெல்லாம்” என்றார். பிறகு மூவருமாய் உட்கார்ந்தோம். அவருடைய கணவரும் வந்து திண்ணை ஓரத்தில் அமர்ந்தார். அன்று அதிகம் பேசவில்லை. அடுத்த மாதம் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை ஒத்துக்கொண்டு மாறியும் இருக்கிறார். அவருக்காக ஜெபியுங்கள்.

இப்போது யாராவது என்னைப் பார்க்க வந்தால், கைபேசி சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் போய் உட்காருகிறது. என் மனைவி அதற்குக் காவல். பேச்சின் நடுவே என் வலக்கை மட்டும் இன்னும் மேசையின் அந்த மூலைக்குப் போய், ஒன்றும் இல்லாததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது.